எம்பு என்னும் பட்டம்: சாவகத்துக் கெரிஸ் பற்றிச் சில எண்ணங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசக் கூடியிருக்கும் இந்த அவையில் ஒரு கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் சிலர் புன்னகைத்ததைக் கண்டேன். கவிஞர்கள் கூடிய அவையில் இந்தப் பொருளுக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. அதற்கு விடை ஒரு சொல்லில் இருக்கிறது. அச்சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜாவா தீவில், கெரிஸ் என்னும் குறுவாளைச் செய்யும் கொல்லருக்கு 'எம்பு' என்று பெயர். பழைய ஜாவானிய மொழியில் காவியம் பாடிய புலவர்களின் பெயர்களுக்கு முன்னும் இதே பட்டம் நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டில், ஏர்லங்கா மன்னன் காலத்தில், அர்ச்சுனன் தவத்தைக் காவியமாகப் பாடியவர் எம்பு கண்வா. 1157ஆம் ஆண்டில் பாரதப் போரைப் பாடத் தொடங்கியவர் எம்பு செடா. அதனை நிறைவு செய்தவர் எம்பு பனுலு. மயபாகித்துப் பேரரசின் ஊர்களையும் விழாக்களையும் 1365இல் வருணித்தவர் எம்பு பிரபஞ்சா. இந்தோனேசியாவின் தேசியக் குறிக்கோள் வாசகம் எடுக்கப்பட்ட சுதசோம காவியத்தின் ஆசிரியர் எம்பு தந்துலார். உலைக்களத்தில் சம்மட்டி பிடித்தவரையும் ஓலையில் எழுத்தாணி பிடித்தவரையும் அச்சமுதாயம் ஒரே பெயரால் மதித்து அழைத்தது. இந்த ஒரு செய்தி போதும், கெரிஸ் நம் அவைக்கு உரிய பொருள்தான் என்பதற்கு.

இன்னொரு சொல்லும் உண்டு. ஜாவானியர் கெரிஸைச் 'சுரிகா' என்றும் வழங்குவர். வடமொழிச் சுரிகா அங்கே சென்று தங்கியது. நம்மிடம் வந்து சுரிகை ஆயிற்று. உடைவாள் என்று நம் அகராதிகள் அதற்குப் பொருள் தரும். அப்புலவர்கள் எழுதிய பழைய ஜாவானியத்தையே 'கவி' என்று அழைக்கும் வழக்கமும் இருக்கிறது. அதன் எழுத்து பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து ஆளும் சாவக நாடு, இவ்வாறு சொல்லாலும் எழுத்தாலும் நமக்கு முற்றும் அயல் அன்று.

இனிப் பொருளுக்கு வருவோம்.

கெரிஸின் அலகு இரு புறமும் கூரியது. அடிப்பகுதி அகன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நேரான அலகுகளும் உண்டு. பாம்பு நெளிவதுபோல் வளைந்து செல்பவையும் உண்டு. வளைவுக்கு 'லுக்' என்று பெயர். அவ்வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படை எண்ணிலேயே அமையும்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்றவாறு. அலகின் அடியில் 'கஞ்சா' என்ற தனித் துண்டு ஒன்று பொருந்தியிருக்கும். பிடி சற்றே வளைந்து, பழைய கெரிஸ்களில் தெய்வ உருவாகவோ அரக்க உருவாகவோ செதுக்கப்பட்டிருக்கும். உறையின் மேற்பகுதி மரத்தால் ஆனது; ஓடம்போல் விரிந்தது விழாக்களுக்கு உரியது, உருண்டு திரண்டது அன்றாடத்துக்கு உரியது. அலகின் வடிவத்துக்குத் 'தாபூர்' என்று பெயர். ஒவ்வொரு தாபூருக்கும் தனிப் பெயரும் இலக்கணமும் உள்ளன. யாப்பு வகைகளைப்போல் இவற்றையும் பயின்றே அறிய வேண்டும்.

அலகின் முகத்தில் தெரியும் வெண்கோடுகளே கெரிஸின் உயிர் எனலாம். இதனைப் 'பாமோர்' என்பர். இரும்பின் நடுவே நிக்கல் கலந்த உலோகத்தை வைத்து, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்குவர். பின் அதனை மடிப்பர், மீண்டும் காய்ச்சி அடிப்பர், மீண்டும் மடிப்பர். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பாகும். நடுவில் வன்மைக்காக எஃகுத் தகடு ஒன்று வைக்கப்பெறும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரம்பனான் கோயில்களின் அருகே கிடைத்த விண்கல் ஒன்று சுரகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அரண்மனைக் கொல்லர்கள் அதிலிருந்து துணுக்குகள் எடுத்துப் பாமோர் செய்தனர். வானிலிருந்து விழுந்த இரும்பும் மண்ணிலிருந்து தோண்டிய இரும்பும் ஓர் அலகில் கலந்தன என்று மக்கள் பெருமை கொண்டனர்.

அடித்து முடித்து, அராவித் தேய்த்த பின்னரும் கோடுகள் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படா. எலுமிச்சைச் சாற்றில் பாடாணத்தைக் கரைத்து அலகில் பூசுவர். இரும்பு கறுக்கும்; நிக்கல் வெண்மையாகவே நிற்கும். அதுவரை உள்ளே மறைந்திருந்த கோலம் அப்போதுதான் வெளிப்படும். அக்கோலங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் உழவர் வாழ்விலிருந்து வந்தவை. ஒன்றுக்குச் 'சிந்திய அரிசி' என்று பெயர். ஒன்று 'பொன்மழை'. ஒன்று 'இழுத்துச் செல்லப்பட்ட தென்னங்கீற்று'. ஒன்று 'தர்ப்பூசணித் தோல்'. கொலைக்கருவி ஒன்றின் மேல் இத்தகைய பெயர்களை எழுதிப் பார்த்த மனத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாமோரை அவர்கள் இரு வகையாகப் பிரிப்பர். கொல்லன் முன்னரே எண்ணித் திட்டமிட்டு வரவழைப்பது ஒரு வகை. அவன் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கத் தானாக வந்து அமைவது மற்றொரு வகை. அதனைத் 'திபான்', அதாவது மேலிருந்து விழுந்தது என்பர். இரண்டாம் வகைக்கும் உழைப்பு குறைவதில்லை. அதே மடிப்புகள், அதே அடிகள். கோலம் எதுவென்பது மட்டும் அவன் கையில் இல்லை. கவிதை எழுதுவோருக்கு இந்தப் பாகுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

கொல்லன் வேலை தொடங்குமுன் நோன்பிருப்பான், நல்ல நாள் பார்ப்பான், படையல் இடுவான். உலைக்களம் புனிதமான இடம் என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. மத்திய ஜாவாவில் லாவு மலைச் சரிவில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த சுகு கோயிலின் புடைப்புச் சிற்பம் ஒன்றில் உலைக்களக் காட்சியைக் காணலாம். ஒரு புறம் வீமன் ஆயுதம் வடிக்கிறான். மறு புறம் அர்ச்சுனன் நெடிய குழல் துருத்திகளை இயக்குகிறான். நடுவே யானைமுகக் கடவுள் ஆடுகிறார். பாரத வீரர்களை ஆயுதம் ஏந்தியவர்களாக மட்டுமே கண்டு பழகிய நமக்கு, அவர்களை ஆயுதம் செய்பவர்களாகக் காட்டும் இச்சிற்பம் புதுமையானது. கணபதி உலைக்களத்துக்கும் முதல்வர் என்பதை அம்மக்கள் எந்த நூலும் சொல்லாமலே உணர்ந்திருந்தனர் போலும்.

இனி, ஜாவாவில் எல்லோரும் அறிந்த ஒரு கதை. 'பரராத்தோன்' என்ற அரசர் வரலாற்று நூல் இதனைச் சொல்கிறது. கென் ஆரோக் என்பவன் எளிய பிறப்பினன், கள்வனாக வளர்ந்தவன். துமாபெல் நாட்டு ஆட்சியாளன் துங்குல் அமெதுங்கைக் கொன்று அவன் மனைவி கென் டெடெசை அடைய எண்ணினான். எம்பு காந்திரிங் என்ற கொல்லரிடம் சென்று ஒரு கெரிஸ் செய்து தரச் சொன்னான். கொல்லர் ஓராண்டு கேட்டார். கென் ஆரோக் ஐந்து மாதத்தில் திரும்பி வந்தான். அலகு இன்னும் முடியவில்லை. சினங்கொண்டவன் அதே அலகால் கொல்லரைக் குத்தினான். சாகும் வேளையில் கொல்லர் சபித்தார்: இந்தக் கெரிஸ் உன்னையும் கொல்லும், உன் வழியில் ஏழு அரசர்கள் இதனால் மாள்வர்.

பின் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. கென் ஆரோக் அந்தக் கெரிஸைத் தன் நண்பன் கெபோ ஹிஜோவிடம் அணியக் கொடுத்தான். அவன் பெருமையோடு அணிந்து திரிந்தான். ஊரார் அனைவரும் அதனை அவனுடையது என்றே நம்பினர். ஓரிரவு கென் ஆரோக் அதைத் திருடிச் சென்று ஆட்சியாளனைக் கொன்று, கத்தியை உடலிலேயே விட்டுவிட்டான். பழி நண்பன் மேல் விழுந்தது, நண்பன் கொல்லப்பட்டான். கென் ஆரோக் 1222இல் சிங்கசாரி அரசை நிறுவினான். கொலையுண்டவனின் மகன் அனுசபதி வளர்ந்து, அதே கெரிஸால் அவனைக் கொல்வித்தான். அனுசபதிக்கும் அதே முடிவு வந்தது.

இதனை வரலாறு என்று கொள்வதா, கதை என்று கொள்வதா? பரராத்தோன் இந்நிகழ்ச்சிகளுக்கு நெடுங்காலம் பின்னர் எழுதப்பெற்ற உரைநடை நூல். அதற்கும் முற்பட்டது எம்பு பிரபஞ்சாவின் 1365ஆம் ஆண்டுக் காவியம். அது சிங்கசாரியின் முதல் அரசனைத் தெய்வ மகனாகப் போற்றுகிறது. கொல்லரைப் பற்றியோ கொலையைப் பற்றியோ ஒரு சொல்லும் அதில் இல்லை. பிரபஞ்சா அரசவையில் வாழ்ந்தவர். அக்குலத்தின் வழிவந்த அரசனைப் பாடியவர். அவர் இக்கதையைக் கேள்விப்படவில்லையா, கேட்டும் விட்டுவிட்டாரா, கதையே பின்னர்ப் பிறந்ததா என்பன ஆராய்ச்சியாளருக்குரிய வினாக்கள். கவிஞர்களுக்குரிய வினா வேறு. ஒரு எம்புவின் மரணத்தைப் பற்றி இன்னொரு எம்புவின் நூல் பேசவில்லை. பட்டம் ஒன்றாக இருந்தும் ஒருவர் அரசனின் சினத்துக்கு இரையானார், மற்றவர் அரசனின் நிழலில் பாடினார். எந்த நாட்டு இலக்கியத்திலும் அவைப்புலவரைப் படிக்கும்போது அவர் பாடாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கதை இன்னொன்றையும் உணர்த்துகிறது. செய்தவனின் நோக்கம் செய்யப்பட்ட பொருளோடு நெடுந்தூரம் செல்வதில்லை. காந்திரிங் வடித்த அலகைக் கள்வன் எடுத்தான். அறியாதவன் அணிந்து பழி சுமந்தான். நம் சொற்களுக்கும் இது நேர்வதை நாம் அறிவோம். மேடையில் ஒருவர் பெருமிதத்தோடு அணிந்து திரியும் சொல், இரவில் வேறொருவர் கையில் கொலைக்கருவியாகலாம். கவிஞன் அதற்கு எவ்வளவு பொறுப்பாளி? முழுப் பொறுப்பும் அவனுடையது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பாராமல் வடித்துக் கொடுப்பவன், காந்திரிங்கைப்போல் தன் அலகின் முதல் பலியாகத் தானே ஆகக்கூடும்.

கெரிஸ் பெரும்பாலும் உறையில் வாழும் கருவி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹேயின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த சீனர் மா ஹுவான், ஜாவாவில் மூன்று வயதுச் சிறுவன் முதல் முதியவர் வரை ஆண்கள் அனைவரும் நுண்கோலமிட்ட குறுவாள் அணிந்திருந்ததை எழுதியுள்ளார். ஜாவானியர் அதை முதுகுப்புறத்தில், இடைக்கச்சையில் செருகுவர். முன்புறம் அணிந்தால் சண்டைக்கு ஆயத்தம் என்று பொருள்படும். மணமகன் வர இயலாத திருமணத்தில் அவனுக்குப் பதிலாக அவன் கெரிஸ் நின்ற வழக்கமும் உண்டு. அதன் பெயரைச் சொல்வதிலும் மரியாதை இருக்கிறது. ஒத்தவர்களிடையே கெரிஸ் என்பர். பணிவாகப் பேசும்போது 'துவுங்' என்பர். பெரியவர் ஒருவர் அணிந்ததைக் குறிக்கையில் 'வங்கிங்கான்' என்பர். ஒரு கத்தியின் பெயரை யாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மொழி இத்தனை கவலைப்பட்டிருக்கிறது. உறைக்குள் அலகு புகுவதையும், அலகுக்குள் உறை புகுவதையும், மனிதனும் இறைவனும் ஒன்றாவதற்கு உவமையாக அவர்தம் ஞானிகள் கூறுவர்.

இவ்வளவு அழகையும் சொன்ன பின், குருதியையும் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் இவ்வுரை பொய்யாகும். 1906 செப்டம்பர் 20ஆம் நாள், பாலித் தீவின் தென்பசாரில், டச்சுப் படை அரண்மனையை நெருங்கியபோது, அரசனும் குடும்பத்தாரும் அவையினரும் வெள்ளுடை உடுத்து, கெரிஸ் ஏந்தித் துப்பாக்கிகளை நோக்கி நடந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களோடு சென்றனர். குண்டுகளுக்கு இரையாகாதவர்கள் தம் கெரிஸ்களாலேயே மாண்டனர். 1908 ஏப்ரலில் குளுங்குங் அரண்மனை முன் அது மீண்டும் நிகழ்ந்தது. இதற்குப் 'புபுத்தான்' என்று பெயர். முடித்துவிடுதல் என்று பொருள். இதனை வீரம் என்று மட்டும் பாடிவிட நமக்கு ஆசை எழும். அந்த நடையில் தாமாக முடிவெடுக்கும் வயதில்லாத குழந்தைகளும் இருந்தனர் என்பதை மறந்துவிட்டுப் பாடக்கூடாது.

ஒரு கெரிஸும் ஒரு நூலும் ஒரே மனிதரிடமிருந்து பிரிந்து சென்ற கதையை அடுத்துச் சொல்ல விரும்புகிறேன். 1825 முதல் 1830 வரை டச்சுக்காரரை எதிர்த்து ஜாவாவில் போர் நடத்தியவர் இளவரசர் திபொநெகோரோ. 1830 மார்ச்சு 28 அன்று, மகெலாங்கில், பேச்சுவார்த்தைக்கு என்று வந்தவரைத் தளபதி டி காக் சிறைப்படுத்தினார். நாகத்தின் பெயர் தாங்கிய 'நோகோ சிலுமான்' என்னும் அவருடைய கெரிஸ் டச்சு அதிகாரி ஒருவர் கைக்குச் சென்று, 1831இல் நெதர்லாந்து மன்னருக்குக் காணிக்கையாயிற்று. பின்னர் அது அருங்காட்சியகச் சேமிப்பில், மற்றக் கத்திகளிடையே, அடையாளம் இழந்து கிடந்தது. பழைய கடிதங்களையும், ஓவியர் ராடன் சாலே எழுதிய குறிப்பையும் கொண்டு அறிஞர்கள் அதனை அடையாளம் கண்டனர். 2020 மார்ச்சில் அது இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. இதுதான் அந்தக் கெரிஸா என்று ஐயுற்றவர்களும் இருந்தனர்.

கெரிஸை இழந்த இளவரசர் என்ன செய்தார்? மெனாடோவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே 1831, 1832ஆம் ஆண்டுகளில், தம் வாழ்வையும் தம் மக்களின் வரலாற்றையும் மச்சபாத் யாப்பில், ஆயிரம் பக்கங்களுக்கு மேல் பாடி வைத்தார். 1855இல் மக்காசாரில், தம் ஊரை மீண்டும் காணாமலே மறைந்தார். அந்தப் 'பாபாத் திபொநெகோரோ' 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. கெரிஸ் 190 ஆண்டுகள் வாய் திறக்காமல் கிடந்தது; அது யாருடையது என்று சொல்லவே எழுத்துகள் சான்றாக வேண்டியிருந்தது. அந்த யாப்பு நூலோ அவர் குரலிலேயே இன்றும் பேசுகிறது.

எழுத்து எப்போதும் பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவு செய்துவிட வேண்டா. 1894இல் லொம்போக் தீவின் சக்ராநெகாரா அரண்மனையை டச்சுப் படை கொள்ளையிட்டபோது, பொன்னும் மணியும் கப்பலேறின. ஓலைச்சுவடிகளும் அழியும் நிலையில் இருந்தன. படையோடு சென்றிருந்த மொழியறிஞர் பிராண்டெஸ் அவற்றை மீட்டார். மீட்ட சுவடிகளுள் ஒன்றுதான், நான் முன்பு சொன்ன எம்பு பிரபஞ்சாவின் காவியம். எங்கோ ஒரு சிறு தீவில் யாரோ பெயர் தெரியாதவர்கள் படியெடுத்துப் படியெடுத்துக் காத்திராவிடில் மயபாகித்தின் அந்தச் சொற்சித்திரம் நமக்குக் கிடைத்திராது. சுவடி 1970களில் தாயகம் திரும்பியது. லொம்போக் செல்வத்தின் எஞ்சிய பகுதியும், குளுங்குங் கெரிஸ் ஒன்றும், சிங்கசாரிக் கோயிலின் நான்கு கற்சிலைகளும் உள்ளிட்ட 478 பொருள்களைத் திருப்பித் தர நெதர்லாந்து 2023இல் முடிவு செய்தது. அந்த நான்கு சிலைகளுள் ஒருவர் கணபதி.

திரும்பி வந்த கெரிஸ் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். அதைச் செய்யும் கலை எங்கே இருக்கிறது? 20ஆம் நூற்றாண்டில் உலைகள் பல அணைந்தன. 1970களில் யோக்யகார்த்தாப் பகுதியில் மீண்டும் மூட்டப்பெற்றன. 2005இல் யுனெஸ்கோ இந்தோனேசியக் கெரிஸை மானுடத்தின் அரிய மரபுச் செல்வமாக அறிவித்தது. சுரகார்த்தாவின் கலைப் பல்கலைக்கழகத்தில் கெரிஸ் ஒரு பாடத்துறை. மதுரா தீவின் சுமெனெப் வட்டாரத்தில் அயெங் தோங் தோங் என்னும் சிற்றூரில் இன்றும் பலர் இத்தொழிலால் வாழ்கின்றனர். விண்கல் இல்லை, கடையில் வாங்கிய நிக்கல் தகடுதான். மடிப்பும் அடியும் பழையபடியே.

ஆயினும் இக்கலையைக் காத்தவை நிறுவனங்கள் மட்டும் அல்ல. ஆண்டுதோறும் சுரா மாதத்தில் ஜாவானியர் குலக்கெரிஸை வெளியே எடுத்து, எலுமிச்சையால் துருவகற்றி, மீண்டும் பாடாணம் பூசி, நறுநெய் தடவி உறையிலிடுவர். பாலியில் 210 நாளுக்கு ஒருமுறை 'தும்பெக் லண்டெப்' என்ற நாள் வரும். லண்டெப் என்றால் கூர்மை. அன்று கெரிஸுக்கும் பிற உலோகக் கருவிகளுக்கும் படையலிடுவர். இக்காலத்தில் மகிழுந்துக்கும் இடுகின்றனர். நம் ஆயுத பூசையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். அறிவின் கூர்மையை வேண்டும் நாளும் அதுவே என்று அவர்தம் பெரியோர் விளக்குவர். வணங்கிவிட்டு மூடி வைத்தால் கத்தி துருவேறும். எடுத்துத் துடைப்பவர்கள் இருந்ததால் அது நின்றது.

நம் வட்டத்துக்குப் பத்து ஆண்டுகள் நிறைவாகின்றன. இத்தகைய நாளில் மாலைகளும் வாழ்த்துகளும் வருவது முறைதான். நான் கொண்டுவந்தது ஒரு வேண்டுகோள். மரபுக் கவிதையை உறையிலேயே வைத்துப் போற்றுவோரும், உறையே வேண்டாம் என்று வீசி எறிவோரும் நம்மிடையே இருக்கின்றனர். இரு சாராரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அலகை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். பழைய பாடலைப் பொருளறிந்து உரக்கப் படிப்பதும், புதிய பாடலைத் தயக்கமின்றித் தேய்த்துத் துரு இருக்கும் இடத்தைச் சொல்வதும் அந்தத் துடைத்தலே. கூட்டத்துக்காகவும் மலருக்காகவும் அவசரமாகக் கவிதை கேட்டு வருபவர்களிடம், பன்னிரண்டு மாதம் வேண்டும் என்றால் பன்னிரண்டு மாதம் வேண்டும் என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும். காந்திரிங்குக்கு அத்துணிவு இருந்தது. அவர் கேட்டதைக் கொடுக்கக் கேட்டவனுக்குத்தான் பொறுமை இல்லை.

எம்பு என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எண்ணிப் பார்த்தேன். புலவர் என்றால் கொல்லர் விடுபடுகிறார். கம்மியர் என்றால் கவிஞர் விடுபடுகிறார். இருவரையும் ஒருங்கே குறிக்கும் பட்டம் நம்மிடம் எனக்குக் கிட்டவில்லை. உங்களுள் யாருக்கேனும் தோன்றினால் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.